‘ஜர்னீஸ் எண்ட்’ நாடகத்தில் வீரம், பயம், கடமை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆர்.சி. ஷெரிஃப் எழுதிய இந்த முதல் உலகப் போர் நாடகத்தைப் பாடமாகப் படிப்பவர்களும், மேடையேற்ற நினைப்பவர்களும், படமாகப் பார்த்துவிட்டு மூலத்தைத் தேடி வருபவர்களும் சுற்றிச் சுற்றி ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். முடிவு உட்பட எல்லாம் வெளிப்படையாகப் பேசப்பட்டிருக்கிறது. கதை தெரியாமல் படிக்க ஆசைப்படுபவர்கள் முதலில் நாடகத்தை முடித்துவிட்டு வாருங்கள்.

கதை என்ன? ரெண்டு நிமிஷத்துல சொல்ல முடியுமா?

1918 மார்ச் 18, திங்கட்கிழமை மாலை. பிரான்சில் செயின்ட் குவென்டின் நகருக்கு எதிரே பிரிட்டிஷ் படையின் முன்வரிசை. ஒரு காலாட்படைக் கம்பெனி தன்னுடைய ஆறு நாள் முறைக்கு அங்கே வந்து சேர்கிறது. ஜெர்மானியர்களின் பெரிய தாக்குதல் எந்த நேரமும் வரலாம் என்று எல்லோருக்கும் தெரியும். வியாழக்கிழமை, 21ஆம் தேதி விடியலில் அது வந்துவிடுகிறது. நாடகம் இந்த நான்கு நாள் காத்திருப்புதான்.

கம்பெனித் தலைவன் கேப்டன் ஸ்டான்ஹோப். இருபத்தொரு வயதை ஒட்டியவன். பதினெட்டில் பள்ளியிலிருந்து நேராகப் போருக்கு வந்து மூன்று ஆண்டுகளாக அங்கேயே கிடப்பவன், இப்போது விஸ்கி இல்லாமல் முடியாதவன். அவனைப் பள்ளி நாட்களிலிருந்து நாயகனாக வழிபடும் ராலி, புது அதிகாரியாக அதே கம்பெனிக்கு வருகிறான். ராலியின் அக்காவைத்தான் ஸ்டான்ஹோப் மணக்க இருக்கிறான். புதன்கிழமை பகலில் ஒரு ரெய்டு, அதாவது எதிரியின் குழிக்குள் புகுந்து திடீரென்று தாக்குவது, நடக்கிறது, அதில் ஆஸ்போர்ன் என்ற மூத்த அதிகாரி சாகிறார். மறுநாள் ராலி சாகிறான்.

போர் நாடகம்னு சொல்றீங்க, ஆனா சண்டையே காணோமே?

காட்டவே மாட்டார்கள். மேடை முழுக்க ஒரே இடம், பதுங்கு குழியை ஒட்டி மண்ணுக்கடியில் தோண்டிய நிலவறை. அங்கேயிருந்து மேலே போகும் படிகள் சில தெரியும். ரெய்டின்போது மேடையில் ஆளே இல்லை. புகைக்குண்டு, இயந்திரத் துப்பாக்கி எல்லாம் சத்தமாக மட்டும் வரும். யார் திரும்பி வரப்போகிறார்கள் என்று நாம் காலி மேடையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

சண்டையை மேடையில் காட்டியிருந்தால் யார் எப்படிச் சுட்டான், யார் முன்னே ஓடினான் என்று வீரத்தை அளந்துவிடுவோம். படிக்குக் கீழே நடப்பதை மட்டும் காட்டுவதால் அந்த அளவுகோல் நமக்குக் கிடைப்பதில்லை. அந்தப் படியில் ஏறுவதற்கு முன்னால் ஒருவன் என்ன செய்கிறான் என்பது ஒன்றுதான் மிஞ்சுகிறது. கிட்டத்தட்ட எல்லாக் கேள்விகளுக்கும் நான் அங்கேதான் பதில் தேடுகிறேன்.

எழுதியவர் போருக்குப் போனவரா, இல்ல கேட்டு எழுதினதா?

போனவர். கிழக்கு சர்ரே ரெஜிமென்டின் 9ஆம் பட்டாலியனில் இளம் அதிகாரியாக இருந்து, 1917 ஆகஸ்டில் பாஷண்டேல் போரில் காயம்பட்டுத் திரும்பியவர். போருக்கு முன்னும் பின்னும் இன்சூரன்ஸ் கம்பெனிக் குமாஸ்தா. நாடகம் எழுத ஆரம்பித்ததே தன்னுடைய படகுக் குழாமுக்குப் பணம் திரட்டத்தான்.

1928 டிசம்பரில் லண்டனில் ஒரு நாடகச் சங்கம் இதை முதலில் மேடையேற்றியது. இரண்டே காட்சிகள். ஸ்டான்ஹோப்பாக நடித்தவர் லாரன்ஸ் ஒலிவியே, அப்போது அவருக்கும் 21 வயது! இயக்கியவர் ஜேம்ஸ் வேல். பெரிய அரங்குக்காரர்கள் இதைத் தொடத் தயங்கினார்கள். பெண் பாத்திரமே கிடையாது, போரைப் பற்றி இனி யார் பார்க்கப்போகிறார்கள் என்ற எண்ணம். 1929 ஜனவரியில் சவாய் அரங்கில் கோலின் கிளைவ் ஸ்டான்ஹோப்பாக நடிக்கத் தொடங்கியது, ஐந்நூறு காட்சிகளைத் தாண்டி ஓடியது.

குடிச்சுக்கிட்டே இருக்கிற ஒருத்தனை எப்படி வீரன்னு ஒத்துக்கறது?

நாடகம் தொடங்கியதும் வேறொரு கேப்டன், ஹார்டி, இதே கேள்வியைக் கொஞ்சம் நையாண்டியாகக் கேட்கிறான். அவன் அப்போது ஈரக் காலுறையை மெழுகுவத்தியில் காட்டி உலர்த்திக்கொண்டிருக்கிறான். ஆஸ்போர்ன் விட்டுக்கொடுப்பதில்லை. அவரைவிட இருபது வயதுக்கு மேல் சின்னவனான ஸ்டான்ஹோப்போடு நரகத்துக்கே போகவும் தயார் என்கிறார். பள்ளி ஆசிரியராக இருந்தவர், நிதானமானவர். அவர் வாயிலிருந்து வருவதால் அந்தச் சொல்லுக்கு எடை அதிகம்.

குடிக்கான காரணத்தை ஸ்டான்ஹோப்பே பிறகு சொல்கிறான். விமி ரிட்ஜ் சண்டைக்குப் பிறகு இனி தாங்காது என்று அவனுக்குத் தெரிந்துபோனது. அப்போது அவன் முன் இருந்த வழிகள் இரண்டு: நோய் என்று பொய் சொல்லி வீட்டுக்குப் போவது, அல்லது குடித்துவிட்டு இங்கேயே நிற்பது. இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தான். ஆக, நாம் பலவீனம் என்று பார்க்கிற குடி அவன் கணக்கில் கடமைக்குக் கொடுத்த விலை. இது சரியான கணக்கா என்பது வேறு. ஆனால் அந்த இரண்டு வழிகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஹிபர்ட் என்ற இன்னொரு அதிகாரி வரும்போது வேண்டியிருக்கும்.

ராலி எழுதின லெட்டருக்கு ஏன் அவ்வளவு வெறி பிடிச்ச மாதிரி கத்துறான்?

நாடகத்தின் உயிர் இந்தக் காட்சியில் இருக்கிறது என்பது என் எண்ணம். கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

ராலி வீட்டுக்கு ஒரு கடிதம் எழுதுகிறான். அதைத் தணிக்கை செய்ய வேண்டும், ஒட்டாமல் கொண்டுவா என்கிறான் ஸ்டான்ஹோப். சக அதிகாரியின் கடிதத்தை இப்படிக் கேட்பது வழக்கமே இல்லை. ராலி திகைத்துப்போய்த் தயங்க, ஸ்டான்ஹோப் பிடுங்கிக்கொள்கிறான். தான் குடித்துக் கெட்டுப்போனதை ராலி தன் அக்காவுக்கு எழுதிவிட்டான் என்ற சந்தேகம். ஆனால் கையில் கடிதம் வந்த பிறகு அவனால் அதைப் பிரித்துப் படிக்க முடியவில்லை! ஆஸ்போர்ன்தான் வாசித்துக் காட்டுகிறார். உள்ளே இருப்பது முழுக்கப் புகழ்ச்சி. ஸ்டான்ஹோப் களைப்பாக இருக்கிறான், அவ்வளவு உழைக்கிறான், சிப்பாய்களுக்கு அவன் மேல் உயிர், அவன் என் நண்பன் என்பதில் எனக்குப் பெருமை. இப்படிப் போகிறது கடிதம். ஸ்டான்ஹோப் பேச்சில்லாமல் நிற்கிறான்.

மூன்று வருஷம் குண்டுமழையில் நின்றவனை நடுங்க வைத்தது ஒரு பதினெட்டு வயதுப் பையனின் பேனா. சாவைவிட அதிகமாக அவன் பயப்படுவது, தன்னை வீரன் என்று நம்புகிற இரண்டு பேர் உண்மையைத் தெரிந்துகொண்டுவிடுவார்களே என்றுதான். இந்த நாடகத்தில் வீரம் என்பது பெரும்பாலும் அடுத்தவர் மனதில் இருக்கிற ஒரு படம். அதைச் சுமக்க வேண்டியவன் இங்கே இருக்கிறான். கடிதம் அவனைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று நிம்மதி வர வேண்டும்தானே? வரவில்லை. பொய்யான படம் இன்னும் பெரிதாகிவிட்டது, இனி அதையும் தூக்க வேண்டும்.

ஹிபர்ட்டுக்கு நிஜமாவே நோயா? நடிக்கிறானா?

நரம்பு வலி, கண்ணுக்கு மேல் குத்துகிறது, மருத்துவரிடம் போக வேண்டும் என்கிறான். ஸ்டான்ஹோப் நம்பவில்லை. வாசகர்களில் பாதிப் பேரும் நம்புவதில்லை. வலி இருந்ததா இல்லையா என்று நாடகம் தீர்த்துச் சொல்வதும் இல்லை. கொஞ்ச நேரத்தில் ஹிபர்ட்டே வலிப் பேச்சை விட்டுவிடுகிறான். மேலே கேட்கிற ஒவ்வொரு சத்தமும் உடம்பைச் சில்லிட வைக்கிறது, அந்தப் படியில் இனி ஏறவே மாட்டேன் என்று உடைந்து அழுகிறான். அதில் நடிப்பு எதுவும் இல்லை.

‘ஷெல் ஷாக்’ என்ற பெயர் 1915இலேயே மருத்துவ இதழில் வந்துவிட்டது. ஆனாலும் அதை நோயாக எடுப்பதா, கோழைத்தனமாக எடுப்பதா என்று ராணுவம் கடைசிவரை ஒரு நிலைக்கு வரவில்லை. ஹிபர்ட் அந்த இடைவெளியில் மாட்டிக்கொண்டவன். இன்னொன்றையும் கவனியுங்கள். ஸ்டான்ஹோப் தள்ளிவிட்ட முதல் வழியைத்தான் ஹிபர்ட் கேட்கிறான். அவன் மேல் ஸ்டான்ஹோப்புக்கு இருக்கிற கோபம் அளவுக்கு மீறியதாகத் தெரிவதற்குக் காரணம் அது. தான் செய்யாமல் விட்டதை இன்னொருவன் செய்யப்போகிறான் என்றால் யாருக்குப் பொறுக்கும்?

துப்பாக்கியை நீட்டுறானே, நிஜமா சுட்டிருப்பானா? அப்படிச் சுட உரிமை உண்டா?

உரிமை கிடையாது. ஓடிப்போனவனை ராணுவ நீதிமன்றத்தில்தான் நிறுத்த வேண்டும். மரண தண்டனை என்றால் தலைமைத் தளபதிவரை போய் உறுதியாக வேண்டும். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவம் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மரண தண்டனைகளை விதித்தது. பத்தில் ஒன்றுதான் நிறைவேறியது. போரிலிருந்து ஓடியது, கோழைத்தனம் போன்ற குற்றங்களுக்காகச் சுடப்பட்ட 306 பேருக்கு 2006இல் மன்னிப்பு வழங்கப்பட்டது. அந்தப் போரில் அப்படித் தண்டிக்கப்பட்டுச் செத்த அதிகாரிகள், கொலைக் குற்றவாளி ஒருவனையும் சேர்த்து, மூன்றே பேர். மற்ற அத்தனை பேரும் அதிகாரி அல்லாதவர்கள். ஓடுவதற்கும் கோழைத்தனத்துக்கும் மரண தண்டனை என்பதை பிரிட்டன் 1930இல் ஒழித்தது. நாடகம் ஓடிக்கொண்டிருந்த காலத்திலேயே அந்த விவாதம் நாடாளுமன்றத்தில் நடந்துகொண்டிருந்தது.

ஸ்டான்ஹோப்புக்கு இதெல்லாம் தெரியும். அதனால்தான் விபத்து என்கிறான். துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது கை தவறி வெடித்துவிட்டது, இங்கே அடிக்கடி நடப்பதுதான் என்று சொல்லி அரை நிமிடம் அவகாசம் தருகிறான். சுட்டிருப்பானா என்று கேட்டால், சுட்டிருப்பான் என்று நம்பித்தான் ஹிபர்ட்டாக நடிப்பவர் நிற்க வேண்டும். ஹிபர்ட் கண்ணை மூடிக்கொண்டு, சுடு என்கிறான். ஓடவில்லை. ஸ்டான்ஹோப் துப்பாக்கியை இறக்கிவிட்டு, எனக்கும் உனக்கு இருக்கிற அதே பயம்தான் என்று முதன்முறையாக ஒப்புக்கொள்கிறான்.

நாடகத்தில் நம் கண்ணெதிரே சாவை நேருக்கு நேர் பார்த்து நிற்கிற ஒரே ஆள் ஹிபர்ட்தான். அந்தச் சாவை நீட்டுவது எதிரி இல்லை, தன் சொந்தத் தலைவன். கோழை என்று முத்திரை குத்தப்பட்டவனுக்கு இந்தக் கணத்தைக் கொடுத்திருக்கிறார் ஷெரிஃப். கவனிக்காமல் தாண்டிவிடாதீர்கள்.

ட்ராட்டருக்கு மட்டும் பயமே இல்லையா? எப்பப் பார்த்தாலும் சாப்பாட்டுப் பேச்சு.

சூப்பில் மிளகு இல்லை என்பதை ஒரு பெரிய இழப்பாகப் பேசுகிற அதிகாரி ட்ராட்டர். குண்டான, சிரித்த முகக்காரன். பார்ப்பவர்கள் இவனைச் சிரிப்புப் பாத்திரம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால் இவன் ஒரு காகிதத்தில் 144 வட்டங்கள் வரைந்து வைத்திருக்கிறான். ஆறு நாள், நாளுக்கு 24 மணி நேரம். ஒவ்வொரு மணி முடிந்ததும் ஒரு வட்டத்தைக் கறுப்பாக்குகிறான். பயமில்லாதவன் மணியை எண்ணுவானா?

நீ எப்போதும் ஒரே மாதிரி இருக்கிறாயே என்று ஸ்டான்ஹோப் சொல்லும்போது, உனக்கு எங்கே தெரியப்போகிறது என்கிற மாதிரி ஒரு பதில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவான். அந்த ஒரு வரியை நடிகர் வேகமாகச் சொல்லிவிட்டால் ட்ராட்டர் போச்சு.

ரெய்டுக்குப் போற நேரத்துல ஆஸ்போர்ன் காட்டைப் பத்தியும் குழந்தைப் பாட்டைப் பத்தியும் பேசுறாரே, அது வேணும்னு செய்யறதா?

ஆமாம். எட்டு நிமிடமோ என்னவோ மீதி இருக்கிறது. ராலிக்கு வாய் வறண்டுபோயிருக்கிறது. அவர்கள் போகப்போவது சிறு இடைவெளி தாண்டி நேர் எதிரே இருக்கிற ஜெர்மானியக் குழிக்கு. முள்வேலியில் குண்டு போட்டுத் திறந்த ஓட்டையின் இருபுறமும் எதிரி சிவப்புத் துணி கட்டிவைத்திருக்கிறான். அதாவது, வருவது அவனுக்கும் தெரியும். இதைப் பற்றிப் பேசி இனி ஆகப்போவது எதுவும் இல்லை. ஆகவே தங்களுக்குத் தெரிந்த நியூ ஃபாரஸ்ட் காட்டுப் பாதைகளைப் பேசுகிறார்கள். ‘ஆலிஸ்’ கதையில் வரும் வால்ரஸ் பாட்டை ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் எடுத்துச் சொல்கிறார்கள்.

அதற்கிடையில் ஆஸ்போர்ன் கடிகாரத்தையும் திருமண மோதிரத்தையும் கழற்றி மேசையில் வைக்கிறார். தொலைந்துவிடக் கூடாதே என்று ராலியிடம் சாதாரணமாகச் சொல்கிறார். முன்பே ஸ்டான்ஹோப்பிடம், ஏதாவது நடந்தால் இவற்றை மனைவிக்கு அனுப்பிவிடு என்று சொல்லியாயிற்று. அதாவது, பையனிடம் பொய் சொல்கிறார். பயத்தைத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, பக்கத்திலிருப்பவன் மேல் அது படாமல் பார்த்துக்கொள்வதுதான் அவருடைய கடமை உணர்ச்சி. அந்த மோதிரம் காட்சி முடியும்வரை மேசையில் கிடக்கும்.

அந்த ரெய்டு தேவையா? மேலிடம் சொன்னா அப்படியே செய்யறதுதான் கடமையா?

எதிரே எந்த ரெஜிமென்ட் நிற்கிறது என்று தெரிய வேண்டும், ஒரு கைதியைப் பிடித்து வா. இதுதான் உத்தரவு. இரண்டு அதிகாரிகள், பத்துச் சிப்பாய்கள், பட்டப்பகலில். இருட்டிய பிறகு போகக் கூடாதா என்று கேட்டால் முடியாதாம், தலைமையகத்துக்குத் தகவல் நேரத்தோடு வேண்டும். இரவு விருந்துக்கு முன்னால் வேண்டும்போல என்று ஸ்டான்ஹோப் கசப்போடு சொல்கிறான். கேள்வி கேட்கிறான், ஆனாலும் உத்தரவை நிறைவேற்றுகிறான்.

விளைவு: ஆஸ்போர்ன் இல்லை, சிப்பாய்களில் ஆறு பேர் இல்லை. ஒரு ஜெர்மானியச் சிறுவன் பிடிபடுகிறான். அவனிடம் தகவல் கிடைத்த சந்தோஷத்தில், போனவர்கள் எல்லோரும் திரும்பினார்களா என்று கர்னல் நிதானமாகத்தான் கேட்கிறார். திரும்புவார்கள் என்று எதிர்பார்த்தீர்களா என்று ஸ்டான்ஹோப் திருப்பிக் கேட்கிறான். பிரிகேடியருக்கு ரொம்பத் திருப்தி என்று கேட்டதும், அப்படியா, நல்லது என்கிற தொனியில் ஒரு பதில். நாடகத்திலேயே கடுமையான வரி அதுதான், அதில் ஒரு வசைச்சொல்கூட இல்லை.

கர்னல் வில்லன் இல்லை. அவருக்கும் மேலேயிருந்து வந்த உத்தரவு அது. கடமை என்பது மேலிருந்து கீழே இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் ஒருவர் தன் மனதுக்குப் பிடிக்காததைச் செய்கிறார், கடைசிப் படியில் இருப்பவன் சாகிறான். இதைச் சரி என்றோ தப்பு என்றோ நாடகம் வாய்விட்டுச் சொல்வதில்லை. என்னைக் கேட்டால், அந்த ரெய்டு தேவையில்லாத ஒன்று. அடுத்த நாளே தாக்குதல் வரப்போகிறது என்பது எல்லோருக்கும் ஏறக்குறையத் தெரிந்த விஷயம்.

ஆஸ்போர்ன் செத்த அன்னைக்கு ராத்திரியே கோழியும் ஷாம்பெயினும்! மனசாட்சி இல்லையா?

ராலியும் இதைத்தான் கேட்கிறான். அவன் விருந்துக்கு வராமல், மேலே சிப்பாய்களோடு சாப்பிட்டுவிட்டுத் தாமதமாக இறங்கி வருகிறான். ஸ்டான்ஹோப் வெடிக்கிறான். மறப்பதற்குத்தான் குடிக்கிறேன், ஆஸ்போர்ன் எனக்கு யாரென்று உனக்குத் தெரியுமா என்கிறான். இதற்கு முந்தைய காட்சியின் முடிவைத் திருப்பிப் பாருங்கள். ரெய்டு முடிந்து வந்த ராலி தெரியாமல் ஒரு படுக்கையில் உட்கார்ந்துவிடுகிறான். ஆஸ்போர்னுடைய படுக்கையில்தான் உட்கார வேண்டுமா என்று மட்டும் கேட்டுவிட்டு ஸ்டான்ஹோப் போய்விடுகிறான். விருந்தின் சிரிப்புக்கு அடியில் இருப்பது அந்தப் படுக்கை.

ராலி சொல்வது தப்பா? அதுவும் இல்லை. துக்கப்படத் தெரிந்தவன் அவன். அதற்கு இன்னும் நேரம் இருக்கிறது என்று நினைப்பவன். மூன்று வருஷத்தில் எத்தனை பேருக்கு ஸ்டான்ஹோப் துக்கப்பட்டிருப்பான்? இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி என்னை வற்புறுத்தாதீர்கள்.

எல்லாரும் ஆபீசருங்கதான். சாதாரண சிப்பாய்க்குப் பயமோ வீரமோ கிடையாதா?

நியாயமான குறை. சமையல்காரன் மேசனுக்கு நிறைய வரிகள் உண்டு, ஆனால் பெரும்பாலும் சூப் என்ன சூப், டப்பாவில் என்ன பழம் என்கிற நகைச்சுவை. சார்ஜென்ட் மேஜர் ஒழுங்காக உத்தரவு வாங்கிக்கொண்டு போகிறார். அவர்கள் மனதில் என்ன ஓடுகிறது என்று யாரும் கேட்பதில்லை. ரெய்டில் செத்த ஆறு பேருக்காக ஒரு படுக்கை காலியாக மேடையில் காட்டப்படவில்லை.

ஷெரிஃப் தனக்குத் தெரிந்த நிலவறையை எழுதினார், அதில் அதிகாரிகள்தான் இருந்தார்கள் என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் சுடப்பட்டவர்களின் கணக்கை மேலே பார்த்தோமே. ஹிபர்ட் சிப்பாயாக இருந்திருந்தால் அவனிடம் யாரும் அரை மணி நேரம் மனம்விட்டுப் பேசியிருக்க மாட்டார்கள். தோளில் கை போட்டு, இருவரும் சேர்ந்து தாங்கிப் பார்ப்போம் என்று சொல்வது அதிகாரிக்கு அதிகாரி கொடுக்கிற சலுகை. நாடகத்தின் அழகான காட்சியிலேயே இந்தக் கோணல் இருக்கிறது.

கடைசி நாள் காலையில் ஒரு சின்ன மாற்றம் உண்டு. சமைத்துக்கொண்டிருந்த மேசன் ஆயுதம் தரித்து வந்து நிற்கிறான். தண்ணீர் குடித்துக்கொண்டே நேரம் கடத்துகிற ஹிபர்ட்டை ஸ்டான்ஹோப் அவனோடு சேர்த்து மேலே அனுப்புகிறான். அதிகாரியைப் படியேற்றிக் கூட்டிப்போகிறவன் சமையல்காரன்.

இது போரை எதிர்க்கிற நாடகமா, இல்லையா? பரீட்சைக்கு என்ன எழுதறது?

எழுதியவர் அந்த நோக்கத்தோடு எழுதவில்லை. தன்னோடு இருந்தவர்களைக் காட்ட நினைத்தார், அவர்கள் மேல் அவருக்கு மரியாதை உண்டு. ஆனால் சவாய் மேடைக்குக் கொண்டுவந்த தயாரிப்பாளர் மாரிஸ் பிரவுன் போர் எதிர்ப்பாளர். அவர் இதில் போருக்கு எதிரான நாடகத்தைக் கண்டார். பார்த்தவர்களும் இரண்டாகப் பிரிந்தார்கள். பரீட்சையில் இந்த இரண்டையும் எழுதி, ஆஸ்போர்ன் சொல்லும் ஜெர்மானிய அதிகாரியின் கதையை ஆதாரமாக வையுங்கள். காயம்பட்ட ஒருவனைத் தூக்கிப்போக விட்டு, வழி தெரிய வெளிச்சக் குண்டும் போட்டார்கள் எதிரிகள். மறுநாள் இரு தரப்பும் மாறி மாறிக் குழிகளைத் தகர்த்துக்கொண்டன. கொஞ்சம் அசட்டுத்தனமாக இல்லை என்று கேட்டுக்கொள்கிறார்கள். அதற்கு மேல் அவர்கள் வாதம் செய்வதில்லை.

புறநானூற்றுத் தாய் மகன் முதுகுல புண் இல்லைன்னு தெரிஞ்சு சந்தோஷப்படுறாளே. அந்த வீரத்தோட இதை ஒப்பிடலாமா?

ஒப்பிடலாம், ஆனால் எங்கே நின்று பார்க்கிறோம் என்பதைக் கவனிக்க வேண்டும். காக்கைபாடினியார் நச்செள்ளையாரின் அந்தப் பாட்டில் (278) நாம் தாயோடு நிற்கிறோம். மகன் சிதைந்து கிடக்கிறான், அவன் கடைசி நேரத்தில் என்ன நினைத்தான் என்பதற்கு அங்கே இடமில்லை. பெற்ற நாளைவிட அவள் மகிழ்ந்தாள், அவ்வளவு. ஷெரிஃப்பின் நாடகத்தில் அந்தத் தாயின் இடத்தில் இருப்பவர்கள் ராலியும், மேடைக்கே வராத அவன் அக்காவும். கடிதக் காட்சியில் நாம் பார்த்தது, அப்படி ஒருத்தி வீட்டில் காத்திருக்கிறாள் என்று தெரிந்த மகனின் பக்கம். இரண்டும் ஒன்றையொன்று மறுப்பதாக நான் நினைக்கவில்லை.

தொல்காப்பியம் இன்னும் பொருத்தமாக உதவும். அது சொல்லும் எட்டு மெய்ப்பாடுகளில் (உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளில்) அச்சம், பெருமிதம் இரண்டும் உண்டு. அச்சம் பிறக்கும் இடங்களாக அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்று நான்கைச் சொல்கிறது. போர்க்களத்து எதிரி அந்தப் பட்டியலில் இல்லை, தன் தலைவன் இருக்கிறான். ஹிபர்ட்டையும் அந்தத் துப்பாக்கியையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியில ஸ்டான்ஹோப் செத்துட்டானா?

தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. முதுகில் குண்டுச் சிதறல் பாய்ந்த ராலியைக் கீழே கொண்டுவருகிறார்கள். அதுவரை குடும்பப் பெயரால் கூப்பிட்டு விலக்கி வைத்திருந்தவனை ஸ்டான்ஹோப் இப்போது ‘ஜிம்மி’ என்கிறான். அவன் ‘டென்னிஸ்’ என்கிறான். அவர்களுக்குள் தலைவனும் கீழதிகாரியும் போய்ப் பழைய நண்பர்கள் திரும்பி வருவது இந்தச் சில நிமிடங்களில்தான். ராலி இறந்த பிறகு, மேலே உடனே வரச்சொல்லி ட்ராட்டரிடமிருந்து ஆள் வருகிறது. ஸ்டான்ஹோப் படியேறிப் போகிறான். பிறகு ஒரு குண்டு விழுந்து நிலவறையின் வாசல் சரிகிறது.

பின்வாங்கக் கூடாது, பின்னாலிருந்து உதவியும் வராது என்பது அவர்களுக்குக் கிடைத்த உத்தரவு. வரலாற்றில் அன்றைய ஒரே நாளில் பிரிட்டிஷ் தரப்பின் இழப்பு ஏறக்குறைய 38,000 பேர். அதில் சுமார் 21,000 பேர் கைதானவர்கள். அதனால் பிழைத்திருக்கவும் வாய்ப்பு உண்டு என்று வாதாடும் மாணவர்களை நான் மறுப்பதில்லை.

ஹிபர்ட்டா நடிக்கப்போறேன். பயத்தை எப்படிக் காட்டறது?

நடுங்க வேண்டாம். ஹிபர்ட்டுக்கு வேலை பயத்தை மறைப்பது, காட்டுவது இல்லை. முதல் இரண்டு காட்சிகளில் அவன் கொஞ்சம் அதிகப்படியாக மரியாதை காட்டுபவன், சாப்பிட மனமில்லாதவன், அவ்வளவே. உடைவது ஸ்டான்ஹோப்போடு தனியாக இருக்கும் காட்சியில் மட்டும்தான். அங்கே அடக்க வேண்டியதில்லை. கைத்தடியை ஓங்குவதும் அழுவதும் ஒரே மூச்சில் வர வேண்டும்.

விருந்துக் காட்சியில் பெண்களின் படம் போட்ட அட்டைகளைக் காட்டிச் சிரிக்கிறானே, அதை உல்லாசமாக நடிக்காதீர்கள். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் இவன் சிரிப்பு அரை விநாடி கூடுதலாக ஓட வேண்டும். கடைசி நாள் தண்ணீர்க் காட்சிக்குக் கோப்பையில் நிஜமாகவே தண்ணீர் வையுங்கள். வெறும் கோப்பையை வாயில் வைத்தால் முன்வரிசையில் இருப்பவருக்குத் தெரிந்துவிடும், நீங்களும் சீக்கிரம் இறக்கிவிடுவீர்கள். மேசன் காத்திருக்கட்டும், நீங்கள் மெதுவாகக் குடியுங்கள்.